உலகச் செய்தி புரிய எந்தப் புவியியலைக் கற்பிப்பது?

2014 மார்ச்சில் ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட சமயம். அமெரிக்காவில் அரசியல் ஆய்வாளர்கள் மூவர் 2,066 பேரிடம் ஓர் உலக வரைபடத்தைக் கொடுத்து, உக்ரைன் எங்கே என்று புள்ளி வைக்கச் சொன்னார்கள். ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான் சரியாக வைத்தார். மற்றவர்களின் புள்ளிகள் கண்டம் கண்டமாகச் சிதறிக் கிடந்தன. அதைவிடக் கவலை தரும் விஷயம் ஒன்றும் தெரியவந்தது: யாருடைய புள்ளி உக்ரைனிலிருந்து அதிகத் தொலைவில் விழுந்ததோ, அவர்களே அங்கே அமெரிக்கப் படை தலையிட வேண்டும் என்று அதிகம் விரும்பினார்கள்.

'பள்ளியில் நாடுகளின் பெயரையும் இடத்தையும் ஒழுங்காக மனப்பாடம் செய்ய வைத்திருந்தால் இப்படி ஆகுமா?' என்று கேட்பவர்களுக்கு இந்த முடிவு ஒரு பரிசு. ஆனால் இடம் தெரியாததால்தான் அவர்கள் படை அனுப்பச் சொன்னார்கள் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. வரைபடத்தில் சரியாகப் புள்ளி வைக்கத் தெரிந்தவர், செய்தி படிக்கும் பழக்கம் உள்ளவராகவும் இருந்திருக்கலாம். அப்படியே இடம் தெரிந்தாலும், உக்ரைன் கருங்கடலுக்கு மேலே இருக்கிறது என்பதோடு அறிவு நின்றுவிட்டால், அங்கே நடக்கும் போரால் லெபனானில் ரொட்டி விலை ஏன் ஏறுகிறது என்பது புரியாது.

புவியியலுக்குக் கிடைக்கும் பாடவேளைகள் எங்கேயும் குறைவு. வரலாறும் அறிவியலும் கணினியும் இரு பக்கமும் நெருக்குகின்றன. கிடைத்த நேரத்தில் எதை முன்னால் வைப்பது என்பதுதான் கேள்வி. இடப்பெயர்கள், இயற்கை அமைப்பு, நாடு நாடாகப் படிப்பது, அன்றாடப் பிரச்சினைகள், பொருளும் மனிதரும் நகரும் வழிகள், வரைபடத்தைச் சந்தேகிப்பது என்று ஆறு தேர்வுகள் இருக்கின்றன.

இவற்றை ஒப்பிட எனக்கு ஓர் அளவுகோல் போதும். வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு 15 வயது. அவர் இனி ஐம்பது ஆண்டுகள் செய்தி படிப்பார், வாக்களிப்பார். எந்த நாடு செய்தியில் வரும் என்று ஆசிரியருக்குத் தெரியாது. 1985இல் பாடம் நடத்தியவருக்கு, எரித்ரியா (1993), கிழக்குத் திமோர் (2002), தெற்கு சூடான் (2011) என்ற தனி நாடுகள் வரப்போவதும், சோவியத் ஒன்றியம் 15 நாடுகளாகப் பிரியப்போவதும் தெரிந்திருக்க வழியில்லை. ஆகவே, வகுப்பில் ஒருபோதும் பேசப்படாத ஓர் இடத்தைப் பற்றிய செய்தி முப்பது ஆண்டுகள் கழித்து வரும்போது, அதைப் படிக்க எந்தப் பாடம் கைகொடுக்கும்?

இடப்பெயர்கள்

மனப்பாடத்தைக் கேலி செய்வது எளிது, அதனால் முதலில் அதன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மனதில் ஒரு வரைபடம் இல்லாதவருக்குச் செய்தி என்பது வெறும் பெயர்களின் ஊர்வலம். 'செங்கடல்' என்று கேட்டவுடன் ஒரு பக்கம் ஆப்பிரிக்கா, மறுபக்கம் அரேபியா, மேல் முனையில் சூயஸ், கீழ் முனையில் பாப் எல் மண்டெப் நீரிணை என்று மனதில் விரியாவிட்டால், அங்கே கப்பல் தாக்கப்பட்ட செய்தியில் ஒட்டுவதற்கு எதுவும் இல்லை. கைப்பேசியில் தேடினால் கிடைக்குமே என்பார்கள். கிடைக்கும். ஆனால் தேட வேண்டும் என்று தோன்றுவதற்கே கொஞ்சம் முன்னறிவு வேண்டும்.

சிக்கல், எந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. வழக்கமாகத் தலைநகரங்கள். உலக விவகாரத்தைப் புரிந்துகொள்ள இவ்வளவு குறைவாக உதவும் தகவல் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. கஜகஸ்தானை எடுத்துக்கொள்ளுங்கள். 1997இல் தலைநகர் அல்மாத்தியிலிருந்து வடக்கே நகர்ந்தது. அடுத்த ஆண்டு அந்த நகரத்துக்கு அஸ்தானா என்று பெயர், 2019இல் நுர்சுல்தான், 2022இல் மறுபடி அஸ்தானா. வினாடிவினாவுக்கு நல்ல கேள்வி. ஆனால் அந்த நாட்டைப் பற்றிய செய்தி புரிய வேண்டுமென்றால், அதற்கு வடக்கே ரஷ்யா, கிழக்கே சீனா, திறந்த கடலுக்கு நேரடி வழி கிடையாது என்ற மூன்று விஷயங்கள் அந்தப் பெயர்கள் எல்லாவற்றையும்விட அதிகம் உதவும்.

அதாவது தலைநகருக்குப் பதிலாக அண்டை நாடு. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கணக்குகளில் திரும்பத் திரும்பத் தெரிவது, நாட்டை விட்டு ஓடும் அகதிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பக்கத்து நாடுகளிலேயே தங்குகிறார்கள் என்பது. சிரியாவின் அண்டை நாடுகள் யாவை என்று தெரிந்தவருக்கு, துருக்கியும் லெபனானும் ஜோர்டானும் ஏன் அப்படித் திணறின என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. உலக அகதிகள் எல்லாரும் பணக்கார நாடுகளை நோக்கித்தான் வருகிறார்கள் என்ற பேச்சை அவர் அப்படியே நம்பவும் மாட்டார்.

ஆகவே இந்தத் தேர்வை நான் தள்ளவில்லை, சுருக்குகிறேன். கண்டங்கள், பெருங்கடல்கள், முக்கியமான நீரிணைகளும் கால்வாய்களும், பத்துப் பதினைந்து பெரிய ஆறுகள், மக்கள்தொகை மிகுந்த நாடுகளும் அவற்றின் எல்லைகளும். ஒரு நூறு பெயர் என்று வைத்துக்கொண்டால் போதும். இதைப் பத்து வயதுக்குள் முடித்துவிடலாம். அந்த வயதில் பிள்ளைகளுக்கு மனப்பாடம் சுமையாகவும் இருக்காது.

மலையும் மழையும்

இரண்டாவது தேர்வு இயற்கைப் புவியியல்: நிலத்தட்டுகள், காற்று, மழை, மண், ஆறு. 'உலக நடப்புக்கும் எரிமலைக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்டு இதை அறிவியல் பாடத்தின் பக்கம் தள்ளிவிடும் போக்கு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நாட்டின் பெயர் மாறும், எல்லை மாறும், கூட்டணி மாறும். எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை கொட்டும் என்பது ஒரு வாழ்நாளுக்குள் அடியோடு மாறிவிடாது. பள்ளியில் சொல்லித்தருபவற்றில் மிக மெதுவாகப் பழையதாகும் சரக்கு இதுதான்.

அந்த மழைதான் நைல் தகராறின் அடித்தளம். எகிப்தை அடையும் நைல் நீரில் பெரும்பங்கு எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் பெய்த மழை. ஆனால் 1959இல் எகிப்தும் சூடானும் நைல் நீரைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் எத்தியோப்பியா இல்லை. 2011இல் எத்தியோப்பியா நீல நைலின் மேல் பெரிய அணையைக் கட்டத் தொடங்கியது, 2025 செப்டம்பரில் திறந்துவைத்தது. மழை எங்கே பெய்கிறது, ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது, பாலைவனம் எங்கே தொடங்குகிறது என்பதை முதலில் படித்த மாணவருக்கு இரு தரப்பின் கவலையும் புரியும். எகிப்துக்கு மாற்றுத் தண்ணீர் இல்லை. எத்தியோப்பியாவுக்கு, தன் மலையில் பெய்யும் மழையில் மின்சாரம் எடுக்க மற்றவரிடம் ஏன் கேட்க வேண்டும் என்ற கோபம். இதைப் படித்தவர், நாளை வேறொரு கண்டத்தில் வேறோர் ஆற்றைப் பற்றிய செய்தி வந்தாலும், 'மேல்பகுதியில் இருப்பவர் யார், கீழே இருப்பவர் யார்?' என்றுதான் முதலில் கேட்பார். மீகாங் ஆற்றுக்கு அதே கேள்வியைப் போட்டால் சீனா மேலே, கடைக்கோடி டெல்டாவில் வியட்நாம் என்று விடை வரும்.

இந்தத் தேர்வில் ஓர் ஆபத்து உண்டு, அது சின்ன ஆபத்தில்லை. நிலம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற முடிவுக்கு மாணவர் வழுக்கிவிடுவார். மலை அப்படி, சமவெளி இப்படி, ஆகவே இந்த நாடு படையெடுத்தே தீரும் என்ற ரீதியில் பேசுவது கேட்க அறிவார்ந்ததாக இருக்கும். 1904இல் மெக்கிண்டர் என்ற பிரிட்டிஷ் புவியியலாளர் யூரேசியாவின் நடுப்பகுதியே உலக வரலாற்றின் அச்சு என்று லண்டனில் ஓர் உரை நிகழ்த்தினார். அந்த வகைச் சிந்தனை இன்றும் தொலைக்காட்சி விவாதங்களில் உயிரோடு இருக்கிறது. ஜெர்மனியில் 'வாழ்விடம்' என்ற புவியியல் கருத்து நாஜிகளின் கையில் அண்டை நாடுகளைப் பிடிக்கும் நியாயமாக மாறியதும் தெரிந்ததுதான். புவியியல் பாடம் பேரரசுக்குக் குடிமக்களைத் தயார்செய்ய வேண்டும் என்று நினைத்தவர் மெக்கிண்டர். அவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டு முன்பே, சைபீரியாவில் கள ஆய்வு செய்த ரஷ்யப் புவியியலாளரும் புரட்சியாளருமான குரோபாட்கின், பிரெஞ்சுச் சிறையில் இருந்தபடி 1885இல் எழுதிய ஒரு கட்டுரையில் நேர் எதிராக வாதிட்டார். தேசங்களுக்கு இடையே உள்ள வெறுப்பைக் கரைப்பதே இந்தப் பாடத்தின் வேலை என்பது அவர் நிலை. சண்டை பழையது.

'நிலமே விதி' என்ற வியாதிக்கு மருந்தும் புவியியலிலேயே இருக்கிறது. கொரியத் தீபகற்பத்தைக் காட்டினால் போதும். 1945இல் 38ஆவது அட்சரேகையில் ஒரு கோடு போட்டுப் பிரித்தார்கள். ஒரே தீபகற்பம், ஒரே மொழி, இரண்டு பக்கமும் மலைதான். கனிமமும் நீர்மின்சாரமும் வடக்கில்தான் அதிகம். இன்று இரண்டு பக்கமும் எப்படி இருக்கின்றன என்பதை மலைகளை வைத்து யாராவது விளக்கிக் காட்டட்டும்.

நாடு நாடாக, பிரச்சினை பிரச்சினையாக

மூன்றாவது தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாடு நாடாகப் படிப்பது என்றால் அமைவிடம், தட்பவெப்பம், பயிர், கனிமம், தொழில், நகரம் என்று ஒரே அச்சில் வார்த்த அத்தியாயங்கள். பிரேசில் என்றால் காபியும் மழைக்காடும், சுவிட்சர்லாந்து என்றால் கடிகாரமும் பனிமலையும். பாடம் எல்லைக்கோட்டில் முடிந்துவிடுகிறது. செய்தியோ பெரும்பாலும் எல்லைக்கோட்டில்தான் தொடங்குகிறது. உலகில் இருநூறு நாடுகள் இருக்கும்போது இருபதைப் படித்துவிட்டு மிச்சத்துக்கு என்ன செய்வது என்பதற்கும் இதில் பதில் இல்லை.

ஒரே ஒரு நாட்டை ஆழமாகப் படிப்பது வேறு கதை. நான் தேர்ந்தெடுப்பதானால் எத்தியோப்பியா. எரித்ரியா பிரிந்ததில் கடற்கரையை இழந்து, 12 கோடிக்கும் மேற்பட்ட மக்களோடு, உலகில் கடலில்லாத நாடுகளிலேயே அதிக மக்கள்தொகை கொண்டதாக இருக்கிறது. அதன் வெளிநாட்டு வர்த்தகத்தின் பெரும்பகுதி ஜிபூட்டி என்ற சின்னஞ்சிறு நாட்டின் துறைமுகம் வழியாகப் போகிறது. 2024 ஜனவரியில், சோமாலியாவிலிருந்து பிரிந்து தனி நாடு என்று தன்னை அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தோடு கடல்வழிக்காக ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டபோது சோமாலியா கொதித்தது. ஆறு, மழை, எல்லை, துறைமுகம் என்று எல்லாக் கேள்விகளும் ஒரே நாட்டில் வந்துவிடுகின்றன. ஒரு பருவம் இதற்கே கொடுத்தாலும் வீணில்லை.

நான்காவது தேர்வு, காலநிலை மாற்றம், இடப்பெயர்வு, நகர்மயம், வறுமை என்று பிரச்சினைகளை வைத்துப் பாடம் அமைப்பது. மாணவருக்குப் பிடிக்கும், வகுப்பில் பேச்சு எழும். ஆனால் இரண்டு குறைகள். முதலாவது, பிரச்சினைப் பாடம் சீக்கிரம் பழையதாகும். 1980களில் ஓசோன் ஓட்டையும் அமில மழையும் முதலிடத்தில் இருந்தன. அன்று பாடம் முழுவதையும் அவற்றின் மேல் கட்டியிருந்தால், அந்த மாணவர் இன்று எதைக் கொண்டு செய்தி படிப்பார்? இரண்டாவது குறை இன்னும் பெரியது. இடத்தோடு ஒட்டாத பிரச்சினைப் பாடம் அறிவுரையாக மாறிவிடுகிறது. 'இடப்பெயர்வின் காரணங்கள் ஐந்து' என்று எழுதி மதிப்பெண் வாங்கலாம், எந்த மக்கள் எந்த வழியாக எங்கே போகிறார்கள், ஏன் அந்த வழியைத் தேர்ந்தார்கள் என்று ஒரு வரிகூடத் தெரியாமலேயே. பிரச்சினைகள் பாடத்தில் வரட்டும். பாடத்தின் முதுகெலும்பாக வேண்டாம்.

இடுக்குகளும் வழிகளும்

என் வாக்கு ஐந்தாவதுக்கு: எது எங்கிருந்து எங்கே போகிறது, வழியில் எங்கே இடுக்கு இருக்கிறது, அந்த இடுக்கு யார் கையில், அது அடைபட்டால் மாற்றுவழி என்ன? இந்த நான்கு கேள்விகளை மாணவர் தானாகக் கேட்கும் அளவுக்குப் பழக்கிவிட்டால், எந்த இடத்தைப் பற்றிய செய்தியிலும் அவர் காலூன்ற முடியும்.

2021 மார்ச் 23 அன்று 400 மீட்டர் நீளமுள்ள எவர் கிவன் என்ற சரக்குப் பெட்டகக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்காகச் சிக்கிக்கொண்டது. 29ஆம் தேதிதான் விடுபட்டது. உலக வர்த்தகத்தில் ஏறத்தாழ 12 சதவீதம் போகும் வழி அது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் இரு முனையிலும் காத்துக்கிடந்தன. இது விபத்து. 2023 இறுதியில் யேமனின் ஹூதி என்ற ஆயுதக் குழுவினர் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோது, நிறுவனங்கள் கப்பல்களை ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி அனுப்பின. விபத்தில்லை, ஆனால் வரைபடத்தில் அதே மாற்றுவழி. இன்னும் பின்னால் போனால், 1967 போரிலிருந்து 1975 வரை சூயஸ் எட்டு ஆண்டு மூடிக்கிடந்தது. அப்போதும் அதே தென்முனைதான். நீண்ட சுற்றுக்குப் பெரிய கப்பல் லாபம் என்பதால், ராட்சத எண்ணெய்க் கப்பல்கள் பெருகியதற்கு அந்த மூடலும் ஒரு காரணம். மூன்று காலம், மூன்று காரணம். ஒரே வரைபடத்தை வைத்து மூன்றையும் நடத்திவிடலாம்.

பனாமா கால்வாய் இன்னொரு கோணம். அது இரு கடலுக்கு நடுவே வெட்டிய வெறும் வாய்க்கால் என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் கப்பலை மதகுகளால் ஏறத்தாழ 26 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, ஒரு நன்னீர் ஏரியைக் கடக்கவிட்டு, மறுபக்கம் இறக்குகிறார்கள். ஒரு கப்பல் கடக்கும்போது ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. அந்த நீர் மழையிலிருந்து வர வேண்டும். 2023இல் வறட்சியால் ஏரி வற்றியதும், தினசரி கடக்கும் கப்பல்களின் எண்ணிக்கையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டினார்கள். மழை அளவைப் பற்றிய பாடமும் வர்த்தகத்தைப் பற்றிய பாடமும் ஒரே மதகில் சந்திக்கின்றன. இயற்கைப் புவியியலைத் தனி அலகாக வைப்பதைவிட இப்படி ஒரு வழித்தடத்துக்குள் வைத்து நடத்தினால் மறக்காது என்பது என் கணிப்பு.

பாரசீக வளைகுடாவின் வாசலான ஹோர்முஸ் நீரிணை மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 33 கிலோமீட்டர். ஒரு பக்கம் ஈரான், மறுபக்கம் ஓமன். 2024இல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடி பீப்பாய் எண்ணெய் அந்த வழியாகப் போனது. உலகம் பயன்படுத்துவதில் அது ஐந்தில் ஒரு பங்கு. இங்கே ஆப்பிரிக்க முனை மாதிரிச் சுற்றுவழி கிடையாது, அதுதான் சூயஸுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம். வளைகுடாவின் உள்ளே இருக்கும் துறைமுகத்திலிருந்து வெளியே வர வேறு வாசல் இல்லை. சவூதி அரேபியா செங்கடல் கரையிலுள்ள யான்புவுக்கும், ஐக்கிய அரபு அமீரகம் நீரிணைக்கு வெளியே இருக்கும் புஜைராவுக்கும் குழாய் போட்டிருப்பதன் அர்த்தம் இதைத் தெரிந்தவருக்குத்தான் விளங்கும்.

அப்புறம் அந்த ரொட்டி. 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியபோது, உலகக் கோதுமை ஏற்றுமதியில் கால் பங்குக்கு மேல் ரஷ்யாவும் உக்ரைனும் சேர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தன. உக்ரைனின் தானியம் ஒடேசா பக்கத்துத் துறைமுகங்களிலிருந்து கருங்கடலில் இறங்கி, ஏறத்தாழ 700 மீட்டர் அகலத்துக்குக் குறுகும், இஸ்தான்புல்லை ஊடறுத்துச் செல்லும் போஸ்பரஸ் நீரிணை வழியாக வெளியே வர வேண்டும். எகிப்தும் லெபனானும் அந்தக் கோதுமையை நம்பியிருந்த நாடுகள். லெபனானுக்கு இன்னொரு அடி, 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகத்தில் நடந்த வெடிப்பில் தானியக் கிடங்கு நொறுங்கியிருந்தது, வாங்கிச் சேமித்து வைக்கவும் இடமில்லை. 2022 ஜூலையில் தானியக் கப்பல்களுக்கு வழிவிடும் ஒப்பந்தம் இஸ்தான்புல்லில் கையெழுத்தானது. ஏன் இஸ்தான்புல்? ஏன் துருக்கி நடுவர்? வாசல் அங்கே இருக்கிறது. 1936ஆம் ஆண்டின் மான்ட்ரே ஒப்பந்தப்படி அந்த நீரிணைகளில் போர்க்கப்பல் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் உரிமையும் துருக்கியிடம் இருக்கிறது.

கடைசியில் சொன்னது முக்கியம். வழிகளைப் பற்றிய பாடம் வெறும் நில அமைப்போடு நின்றால் பாதிதான். யாருக்கு என்ன உரிமை என்பதும் புவியியல்தான். பள்ளி வரைபடங்களில் கடல் ஒரே நீலமாகக் காலியாகக் கிடக்கிறது, இது எனக்கு நெடுநாள் எரிச்சல். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை அந்த நீலத்தில் கோடுகள் போட்டிருக்கிறது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை நாட்டின் ஆட்சிக்கடல், 200 கடல் மைல் வரை மீனுக்கும் எண்ணெய்க்கும் தனிப் பொருளாதார உரிமை. கிரிபாட்டி என்ற தீவு நாட்டின் தரை 811 சதுர கிலோமீட்டர்தான், அதன் கடல் உரிமையோ 30 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். கடலில் தனியாக நிற்கும் ஒரு தீவு, சட்டப்படி தீவு என்று ஏற்கப்பட்டால், சுற்றிலும் நாலு லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் கடலைத் தரும். மனிதர் வாழ முடியாத பாறை என்று முடிவானால் 12 மைலோடு சரி. தென்சீனக் கடலில் சீனா பாறைகளின் மேல் மண் கொட்டிக் கட்டடம் எழுப்புவதைப் பற்றிப் படிக்கும்போது இந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும். 2016இல் சர்வதேசத் தீர்ப்பாயம், அந்தக் கடலிலுள்ள ஸ்ப்ராட்லி தீவுக்கூட்டத்தில் எதுவும் 200 மைல் உரிமை தரும் தீவு இல்லை என்றது. சீனா அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. மண் கொட்டினாலும் சட்டத்தில் பாறை பாறைதான், ஆனால் விமான ஓடுபாதை ஓடுபாதைதான்.

கடலுக்கு அடியிலும் வழிகள் ஓடுகின்றன. கண்டங்களுக்கு இடையிலான இணையப் போக்குவரத்து அநேகமாக முழுவதும் கடலடிக் கம்பிகளில்தான் போகிறது, வானத்துச் செயற்கைக்கோள் வழியாக என்று பலர் நினைத்துக்கொண்டிருந்தாலும். 2022 ஜனவரியில் டோங்கா அருகே எரிமலை வெடித்து அந்த நாட்டை வெளியுலகோடு இணைத்த கம்பி அறுந்தது. சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது.

இந்தத் தேர்வுக்கும் குறை இல்லாமல் இல்லை. மனிதர்கள் மறைந்து கப்பல்களும் பீப்பாய்களும் மட்டும் தெரியும் அபாயம் இருக்கிறது. வழித்தடத்தின் கண்ணால் மட்டும் பார்த்தால் யேமன் என்பது ஒரு நீரிணையின் கரை, அவ்வளவுதான். அங்கே பட்டினி கிடந்தவர்கள் படத்திலேயே வரமாட்டார்கள். மேலே சொன்ன ஒரு நாட்டை ஆழமாகப் படிக்கும் பருவம் இதற்குத்தான் வேண்டும். இன்னொன்று ஆசிரியருக்கான பயிற்சி. பாடநூலில் இல்லாத இணைப்புகளை வகுப்பில் கோத்துக் காட்ட, அவருக்கே அந்தப் பழக்கம் வேண்டும்.

வரைபடத்தைச் சந்தேகிப்பது

ஆறாவது தேர்வை ஒரு தனிப் பாடமாகக் கேட்டால் கொடுக்கமாட்டேன். ஆனால் ஒவ்வொரு பாடத்திலும் ஐந்து நிமிடம் கட்டாயம். 1569இல் மெர்கேட்டர் வரைந்த முறை மாலுமிகளுக்கானது. ஒரே திசையில் போகும் பாதை அதில் நேர்கோடாக வரும், அதற்கு விலையாகத் துருவப் பக்கத்து நிலங்கள் ஊதிப் பெருக்கும். அதில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. 2018இல் உருவான ஈக்வல் எர்த் முறையில் பரப்பளவு சரியாக வரும். அதுபோன்ற வரைபடங்களுக்கு மாற வேண்டும் என்ற இயக்கத்தை ஆப்பிரிக்க ஒன்றியம் 2025இல் ஆதரித்தது.

அளவைவிட எல்லைக்கோட்டு விஷயம் சூடானது. இணைய வரைபடத்தில் சில எல்லைகள் நீங்கள் எந்த நாட்டிலிருந்து பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். காஷ்மீர் ஓர் உதாரணம், கிரிமியா இன்னொன்று. பல நாடுகளில் எல்லையை எப்படி வரைய வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, ஆசிரியர் வகுப்பில் மாற்றி வரைய முடியாது. சரி, தூரத்து எல்லை ஒன்றை எடுத்து, இரண்டு நாடுகளின் வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாமே. தன் வீட்டுக்குப் பக்கத்து எல்லைக்கு அந்தக் கேள்வியைப் பொருத்துவது மாணவரின் பாடு.

பங்கீடு என்று கேட்டால்

பத்து வயதுவரை இடப்பெயர்களும் அண்டை நாடுகளும். அதற்குப் பிறகு கிடைக்கும் பாடவேளைகளில் பாதியை வழிகளுக்கும் இடுக்குகளுக்கும், ஆற்று நீரும் கடல் உரிமையும் அதற்குள்ளேயே வரும்படி கொடுப்பேன். கால் பங்கு, இவற்றுக்குத் தேவையான இயற்கைப் புவியியல், குறிப்பாகக் காற்று, மழை, ஆறு. மீதியில் ஒரு நாட்டை ஆழமாகப் படிப்பதும், அந்த ஆண்டு செய்தியில் இருக்கும் ஏதாவது ஒரு பிரச்சினையும். ஒரே ஓர் ஆண்டுதான் கிடைக்கும் என்றால் பிரச்சினைப் பகுதியை முதலில் வெட்டுவேன், மழையைக் கடைசிவரை விடமாட்டேன்.

இதற்கெல்லாம் குறுக்கே நிற்பது தேர்வுத்தாள். தலைநகரைக் கேட்டால் திருத்துவது எளிது, சரி அல்லது தவறு. அதனால்தான் பெயர்ப் பட்டியல் எல்லாச் சீர்திருத்தத்தையும் தாண்டிப் பிழைத்து நிற்கிறது. வழித்தடப் பாடத்தையும் எளிதாகத் திருத்தும்படி கேட்க முடியும். பெயர் எழுதாத ஒரு வரைபடத்தைக் கொடுத்து, ஹோர்முஸ் அடைபட்டால் சவூதி எண்ணெய் எந்தக் கரைக்குக் குழாயில் போகும், அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல் எந்த இடுக்கைக் கடக்க வேண்டும், கிழக்கு ஆசியாவுக்குப் போகும் கப்பல் முதலில் எந்த இடுக்கைக் கடக்க வேண்டும் என்று கேட்கலாம். செங்கடலைக் குறித்தால் ஒரு மதிப்பெண், சூயஸுக்கு ஒன்று, பாப் எல் மண்டெபுக்கு ஒன்று. ஹோர்முஸ், சூயஸ் இரண்டில் எது அடைபட்டால் கப்பலுக்குச் சுற்றுவழியே இல்லை, எது அடைபட்டால் சுற்றிப் போகவாவது முடியும் என்று இரண்டு வரி எழுதினால் இன்னும் இரண்டு.